கப்பல் போகட்டும்

கடைசி நாள் காலையில் எங்கள் மூவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் பேசத் தயாராகத்தான் இருந்தேன், கேட்கத்தான் ஆளில்லை. யாங்சூன் பெட்டிகளைக் காரில் அடுக்கிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். மல்ஹி இடுப்பில் வலிப்பட்டை ஒட்டிக்கொண்டு வந்து அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலப் பின்னால்.

தென்கொரியாவில், மாசானில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். அறுபது வயதானதைக் கொண்டாட, யாங்சூனின் காரைப் பூசானில் கப்பலேற்றி ஜப்பானுக்கு வந்து, கியூஷூ தீவு முழுவதும் சுற்றிவிட்டோம். இன்று ஷிமொனொசெகி துறைமுகத்தில் அதே காரோடு இரவுக் கப்பல் ஏற வேண்டும்.

எங்கள் கொரியக் காருக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். ஜப்பானிலோ வண்டிகள் ஓடுவதும் சாலையின் இடப்பக்கம். முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமானால், எதிரே வண்டி வருகிறதா என்று ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. வலப்பக்கம் இருப்பவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் மல்ஹி அதை ஒரு கச்சேரியாகவே நடத்தினாள். “இரு, இரு, பஸ் வருது, பின்னாலயே ஒரு கிழவர் வர்றார்... ம், இப்ப போ!” நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சண்டை நேற்று மாலை வந்தது. நேர் வழியை விட்டு யாங்சூன் மறுபடியும் கடற்கரைச் சாலையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் மல்ஹி வெடித்தாள்.

“வீட்டுக்குப் போக மனசில்லேன்னா சொல்லித் தொலையேன். சுத்திச் சுத்தி எங்க இடுப்பை ஏன்டி ஒடிக்கிற?”

யாங்சூனின் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிப் பல வருடங்களாகின்றன. இந்தப் பயணத்துக்காகத்தான் முதல் முறையாக அவரை ஒரு பராமரிப்பு மருத்துவமனையில் விட்டிருந்தாள். அது மல்ஹிக்குத் தெரியாததல்ல. யாங்சூன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இப்போது மலைச்சாலையில் மரம் ஏற்றிய ஒரு லாரி எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. யாங்சூன் கேட்கவில்லை. மல்ஹி சொல்லவில்லை. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்த யாங்சூன், குத்துமதிப்பாகக் காரை வலப்பக்கம் ஒடித்தாள்.

வளைவிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது.

மல்ஹி அலறினாள். யாங்சூன் பிரேக்கை மிதித்து மறுபடி லாரியின் பின்னால் நுழைந்தாள். வேன் ஹாரனை அழுத்தியபடி எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. அதன் ஓட்டுநரின் திறந்த வாயை நான் பார்த்தேன்.

சற்றுத் தள்ளி ஒரு சாலையோர ஓய்விடம் இருந்தது. அங்கே நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் யாங்சூனின் கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

“செத்திருப்போம்டி,” என்றாள் மல்ஹி.

“ம்.”

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

“கேட்டா நீ வாயைத் திறப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பிறகு யாங்சூன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். “நேத்து நீ சொன்னது சரிதான். போக மனசில்ல. அவரைப் பிடிக்காம இல்ல. அசதி. ராத்திரி எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், துடைக்கணும், ஊட்டணும். இங்க வந்தும் ராத்திரியில முழிப்பு வந்துடுது. பக்கத்துல தடவிப் பாத்தா நீங்க ரெண்டு பேரும் குறட்டை விட்டுட்டிருக்கீங்க.”

“குறட்டை தொக்ஜாதான். நானில்ல,” என்றாள் மல்ஹி, பின்னால் இருந்த என்னைக் காட்டி. அப்புறம் யாங்சூனின் விரல்களைப் பிடித்து ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துவிட்டாள். “தூங்கு.”

“கப்பல்?”

“கப்பல் என்ன உன் மாமியாரா, ஏன் லேட்டுன்னு கேக்க? சீட்டைச் சாய்ச்சுப் படு.”

படுத்தவள் உடனே தூங்கிப்போனாள்.

நானும் மல்ஹியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு சோற்றுருண்டை தின்றோம். எங்கள் இருவரிடமும் இங்கே ஓட்டுவதற்கான உரிமம் இல்லை. அவள் எழுந்தால்தான் உண்டு. வெயில் காரின் மேல் ஏறி, மறுபக்கம் சாய்ந்தது. நான் இரண்டு முறை எழுப்பப் போனேன். இரண்டு முறையும் மல்ஹி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“உனக்குக் கடை இருக்கே?” என்றேன். மாசான் சந்தையில் மல்ஹி தொடுகறிக் கடை வைத்திருக்கிறாள். மறுநாள் ஒரு திவசப் படையலுக்கு அவள் பதார்த்தங்கள் செய்து கொடுத்தாக வேண்டும்.

அவள் தன் கணவருக்குப் போன் போட்டாள். “முள்ளங்கியை நீயே நறுக்கு. கூட உன் தங்கச்சியைக் கூப்பிட்டுக்கோ. ஏன்னு கேக்காத, வந்து சொல்றேன்... மெல்லிசா நறுக்கணும். போன தடவை மாதிரி செருப்புத் தடிமனா நறுக்காத.”

யாங்சூன் விழித்தபோது கன்னத்தில் சீட்டின் தையல் பதிந்திருந்தது. நேரத்தைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டித் தீர்த்தாள். பிறகு வேகமாக ஓட்டினாள். துறைமுகம் வரைக்கும் மல்ஹி “இரு”, “போ” என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

துறைமுகத்தில் கார்களை ஏற்றி முடித்துவிட்டிருந்தார்கள். டிக்கெட் ஜன்னலில் இருந்தவர் எங்கள் மொழியிலேயே பணிவாகச் சொன்னார். “கார் நாளைக்குத்தான். ஆட்கள் மட்டும்னா இப்பவே ஏறலாம்.”

“நீங்க ரெண்டு பேரும் போங்க,” என்றாள் யாங்சூன்.

“நடந்தா? இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா?” என்று கேட்டுவிட்டு மல்ஹி பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டலில் அறை எடுத்தோம். ஊர் பார்க்க யாரும் கிளம்பவில்லை. யாங்சூன் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். தாதி போனை அவள் கணவரின் காதில் வைத்திருக்க வேண்டும். “நாளைக்கு வரல. நாளன்னிக்கு,” என்றாள். மறுமுனையில் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அவர் ஏதோ குழறினார்.

“என்ன சொல்றார்?” என்றேன்.

“கோவமா இருக்கார்,” என்று சொல்லிவிட்டு, அவள் காலுறையைக்கூடக் கழற்றாமல் படுத்தாள்.

அடுத்த நாள் கப்பலில் திரும்பினோம். வீட்டுக்கு அழைத்துவந்த பிறகும் அவர் சில நாள் அவள் கையால் சாப்பிட மறுத்தாராம். பிறகு வழிக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் யாங்சூன் ஒவ்வொரு வருடமும் அவரை ஒரு வாரம் அந்த மருத்துவமனையில் விடுகிறாள். எங்களோடு எங்கேயும் வருவதில்லை. போனை அணைத்துவிட்டு வீட்டிலேயே தூங்குகிறாள்.

“ஒரு வார்த்தை கூப்பிட்டா என்னவாம்?” என்று மல்ஹிக்கு இன்னமும் வருத்தம். ஆனாலும் அந்த வாரத்தில் கடையிலிருந்து ஒரு டப்பா தொடுகறி கட்டிக்கொண்டு போய், மணியை அடிக்காமல் வாசலில் வைத்துவிட்டு வருகிறாள்.