அண்ணனுக்காக ஒரு போன்

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். குடித்துவிட்டுத்தான் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று வேலை பார்க்கிறான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை. அண்ணி அவன் சட்டைப் பையில் மிட்டாய் போட்டு அனுப்புவாள், வாடை தெரியக் கூடாதாம். அம்மாவைக் கேட்டால், உடம்பு வலிக்குக் குடிக்கிறான் என்பாள்.

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபோது, அண்ணன் கை கழுவிக்கொண்டே, "நான் போய்ட்டா உங்க எல்லாருக்கும் நிம்மதிதான்" என்றான். அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

மறுநாள் தங்கை கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் தேடிப் பிடித்த உதவி எண்களை அழைத்தாள். முதல் எண் உபயோகத்தில் இல்லை. அடுத்ததில் வெகுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஓர் ஆள் வந்து, குடிக்கிறவரே கூப்பிட்டால்தான் பேசுவோம் என்றார். அவனே கூப்பிடுகிற நிலையில் இருந்தால் நான் ஏன் சார் கூப்பிடுகிறேன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். இன்னொரு இடத்தில் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். கதவை மட்டும் திறந்து வையுங்கள், நாலு ஆள் வந்து கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம் என்றார்கள். இவளே வைத்துவிட்டாள்.

கடைசியாக ஒரு பெண் எடுத்தாள். ஜலதோஷக் குரல். அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டாள். எப்படிச் சாகப்போகிறேன் என்று ஏதாவது சொன்னானா, உயரத்தில் வேலையா, இப்போது அவன்கூட யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள்.

"அவர்கிட்டயே நேரா கேளுங்க. கேக்கறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாது," என்றாள். இன்றைக்கு அவனை மேலே ஏற விடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள் என்றாள். வீட்டிலேயே குடியைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம், பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே கூட்டிப் போங்கள் என்றாள்.

தங்கை கடையில் சொல்லிவிட்டு, அண்ணன் வேலை செய்கிற கட்டிடத்துக்குப் போனாள். மொட்டைமாடியில் மோட்டார் அறையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, சாகணும்னு நினைக்கிறியா?"

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு, "தினமும் அந்த லிஃப்ட் குழிக்குள்ள பார்க்கிறேன்," என்றான்.

கையைப் பிடித்ததும் எழுந்து வந்தான். வாசலில் சூப்பர்வைசர் மறித்து, வேலை நேரத்தில் எங்கே போகிறான் என்று கேட்டார். காய்ச்சல் என்றால் நாளைக்கே திரும்ப ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து உள்ளதைச் சொன்னாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கை கால் நடுங்கியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றான். எப்படியோ தேறி வந்தான். அதன்பின் குடிக்கவில்லை. ஆனால் கம்பெனி அவனை லிஃப்ட் பக்கமே விடவில்லை, உதிரி பாகங்கள் இருக்கும் கிடங்கில் உட்கார வைத்தது. கூட வேலை செய்தவர்கள் 'கிரவுண்ட் ஃப்ளோர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். குடித்தாலும் மனுஷன் மானத்தோடு இருந்தார், நாத்தனார்தான் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று அண்ணி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். குடியை விட்டவர்களுக்காக ஆஸ்பத்திரியில் நடக்கும் கூட்டத்துக்கு அண்ணன் வாராவாரம் போய் முன்பின் தெரியாதவர்களிடம் மனம்விட்டுப் பேசினான். தங்கை வந்தால் மட்டும் எழுந்து உள்ளறைக்குப் போனான்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் இருவரையும் உட்கார வைத்தாள்.

"காப்பாத்துனே, சரி," என்றான் அண்ணன். "அந்த ஆள்கிட்ட ஏன் சொன்னே?"

பதில் அவளிடம் இருந்தது. அதற்குள் அம்மா அவள் தோளைத் தொட்டு, "பெரியவன்தானே, ஒரு மன்னிப்பு கேட்டுடு," என்றாள்.

தங்கை கேட்டாள். அண்ணன் தலையை ஆட்டினான். மன்னித்தானா, போதும் போ என்றானா, தெரியவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருவுக்கு வரும்வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை.