கையெழுத்தில்லாத எழுத்துரு

“நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்க!”

தம்பி ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அறைந்தான். லேபிள் சுருள் குலுங்கி நின்றது. குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. கம்ப்யூட்டரில் அவன் அடித்தது 2.5 மில்லி. லேபிளில் இருந்தது 25.

“புள்ளியைக் காணோம்க்கா!”

அச்சக முதலாளி அவனுடைய அக்காதான். உடனே மருந்துக் கம்பெனிக்குப் போன் போட்டாள். காலையில் போன லேபிள் கட்டு அங்கே இன்னும் பிரிக்கப்படவில்லை. அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அவர்கள் விடுவதாக இல்லை. தவறு செய்தவர் கையெழுத்துப் போட்ட கடிதம் மதியத்துக்குள் வர வேண்டும். அந்த ஆள் இனி அச்சகத்தில் காலெடுத்து வைக்கக் கூடாது.

மெஷின் ஓட்டும் மையண்ணன் பெயரில் அக்கா கடிதத்தை எழுதி நீட்டினாள்.

“இருபது வருஷம் இந்த மெஷின்ல மையோட மையா கெடந்தவன்மா நான். புள்ளியை நானா முழுங்கினேன்?”

“கண்ணு எங்க இருந்துச்சு? போடுங்கண்ணே.”

“கொஞ்சம் இருக்கா.” தம்பி மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டரில் எழுத்துரு ஃபைலைத் தேடிப் பிடித்தான். “நான் டைப் அடிச்ச ஃபான்ட் ஃபைல் ஓடிஎஃப் வகை. இங்க இருக்கிறது டிடிஎஃப் வகை. பேரு ஒண்ணு, ஆளு வேற.”

“அதெல்லாம் இப்ப எதுக்குடா?”

“நாம வாங்கின ஃபான்ட்ல அதைச் செஞ்சவங்களோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. ஒரு வளைவை மாத்தினாக்கூட அது செல்லாது. இதுல கையெழுத்தே இல்ல. சைஸும் பாதிதான்.”

ஃபைலைத் திறந்தான். கட்டம் கட்டமாக எண்கள், எழுத்துகள். புள்ளிக்குரிய கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“சாம்பிள் ஃபான்ட்டுக்கா. யாரும் தொழிலுக்கு வச்சுக்கக் கூடாதுன்னு புள்ளியை எடுத்துட்டு இலவசமா விட்டது. எவனோ முழுசு மாதிரி பேரை மாத்தி நெட்ல போட்டிருக்கான்.” தேதியைப் பார்த்தான். “செவ்வாய்க்கிழமை இறக்கியிருக்கு.”

மையண்ணன் பேனா மூடியைத் திறந்தபடி நின்றார். “செவ்வாய் நான் லீவாச்சேப்பா.”



அக்கா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். கடிதத்தில் அவர் பெயரை அடித்தாள். மேலே தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டாள். இனிஷியலுக்குப் பின்னால் வைத்த புள்ளியில் தாள் கிழிந்தது.

“மெஷின் ஓடிஎஃப்பை எடுக்க மாட்டேன்னுச்சு. அவசரம்னு நான்தான் இறக்கினேன்,” என்றாள், தம்பியைப் பார்க்காமல். “புள்ளியைக் காணோம்னு நீ கத்தினப்பவே எனக்குத் தெரியும்டா.”