பறந்த பால் கவர்கள்

சங்கையா சுவிட்சைத் தட்டினான். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளின் பால் கவர்கள் மொத்தமும் ஒரே மூச்சில் கூரைக்கு எழும்பின.

"ஐயையோ! பிடிங்க, பிடிங்க!" என்று கத்தினேன்.

தேயிலைக் கொழுந்தை வாட்டுகிற தொட்டி அது. கம்பிவலைக்கு அடியிலிருந்து பெரிய காற்றாடி காற்றை மேலே தள்ளும். பச்சை இலைக்குக் கனம் உண்டு, படுத்துக் கிடந்து வாடும். கழுவின கவருக்கு ஏது கனம்? வருஷக்கணக்காக இலை பறித்த எங்களில் ஒருத்திக்குக்கூட அது தோன்றவில்லை. முறுக்குக் கவர், சோப்புத்தூள் கவர் எல்லாம் உத்தரத்தைத் தொட்டுவிட்டு எங்கள் தலையில் இறங்கின. பக்கத்து வீட்டு வேலுத்தாய் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோழி பிடிப்பதுபோல் விரட்டினாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் என் வாய்தான் காரணம். வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கிற ஹரித கர்ம சேனாவில் எங்கள் லயத்துக்கு நான்தான் ஆள். போன மாசம், சேர்த்து வைத்ததை ஏற்றிப்போக ஜீப்பில் வந்த சேனாக்காரி ஆனந்தி சாக்கை அவிழ்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் ஈரம், அடியில் புளித்த பால்.

"சித்ராக்கா, இனிமே இந்த லயத்த விட்ருவோம். இம்புட்டு மேடு ஏறி வந்து நாத்தத்தையா ஏத்திட்டுப் போறது?"

எனக்குச் சுருக்கென்றது. "அடுத்த தடவ ஒரு சொட்டு ஈரம் இருந்தா, இந்தச் சேனா பச்சக் கோட்டக் கழட்டித் தந்துருதேன்!" என்று சொல்லிவிட்டேன். ஜீப்பு வராவிட்டால் பழையபடி லயத்துக்குப் பின்னால் குவித்துக் கொளுத்துவார்கள். அந்தப் புகையில் என் மகள் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தவள் நான். இனிமேல் அதற்கு விடமாட்டேன்.

கழுவுவதில் யாரும் குறை வைக்கவில்லை. ஆனால் பீர்மேட்டு மழையில் எது காயும்? அடுப்புக்கு மேலே கட்டினால் கவர் சுருங்கிப்போனது. கொடியில் போட்டால் மூடுபனி மஞ்சு இறங்கி நனைத்தது. இன்று ஜீப்பு வருகிற நாள். காலையிலேயே தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிற என் கொழுந்தன் சங்கையா ஓடி வந்தான்.

"மைனி, கடேசித் தொட்டி இலை போடாமச் சும்மா கெடக்கு. டீமேக்கர் சார்ட்ட கேட்டுட்டேன். அள்ளிட்டு வாங்க!"

அள்ளிக்கொண்டு வந்த லட்சணம்தான் இது.

"ஏட்டி, கொழுந்து கட்டுத வலைப்பை இருக்குல்லா! அதுக்குள்ள அடைங்க!" என்றாள் வேலுத்தாய் அக்கா. ஓடிப்போய் எடுத்து வந்தோம். அடைத்துக் கட்டித் தொட்டியில் கிடத்தினோம். மறுபடியும் காற்று. பைகள் உப்பிக்கொண்டு குலுங்கின. உள்ளே கவர்கள் சடசடவென்று துள்ளின. நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். காற்று ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். அதற்குள் கீழே ஹாரன் கேட்டது, பைகளைச் சுமந்துகொண்டு இறங்கினோம்.

ஆனந்தி ஒரு கையை மூக்குக்குக் கொண்டுபோய்க்கொண்டே பையை அவிழ்த்தாள். ஒரு கவரை எடுத்துக் கசக்கினாள். மொறமொறவென்றது. இன்னொன்று. அடியிலிருந்து ஒன்று. மூக்கிலிருந்து கை இறங்கியது.

"என்னக்கா, தேயிலை மணக்குது?"

"எங்க லயத்து மணம் அதாம்ட்டி!" என்றேன். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

ஜீப்பு கிளம்பி வளைவுக்குப் போன பிறகுதான் பார்த்தேன், வேலுத்தாய் அக்காவின் கொண்டையில் ஒரு பால் கவர் ஆடிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

"ஏ ஆனந்தி! நில்லுட்டி! இன்னும் ஒண்ணு இருக்கு!"

மஞ்சுக்குள் ஜீப்பின் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்து நின்றன.