விரலால் கேட்ட பந்து

டிவியைச் சவப்பெட்டிக்கு நேர்மேலே மாட்டாதீர்கள் என்று மார்லீன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் மாட்டி முடித்துவிட்டாள். பேஸ்பால் கிளப்பிலிருந்து வந்தவள்.

"ஏழே நிமிஷம் மேடம். உங்கப்பாவோட சாதனை எல்லாம் தொகுத்திருக்கோம். எல்லாரும் ரசிப்பாங்க."

சாவு வீட்டில் ரசிப்பதா? மார்லீன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் அப்பா வெண்டல் க்ரவுஸ் பதினான்கு வருஷம் கேட்சராக இருந்தவர். மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுத்து எந்தப் பந்து வேண்டும் என்று பந்து வீசுகிறவனுக்கு விரலால் சைகை காட்டுவது அவர் வேலை. வேகமாக வரும் பந்து பட்டுப் பட்டு வலது கை விரல்களில் மூன்று கோணிப்போயிருந்தன. நேற்று அந்தக் கையை மடித்து வைக்கச் சவஅடக்கக்காரர் பட்ட பாட்டை மார்லீன் பார்த்தாள்.

படம் ஓடியது. முதலில், எதிரணி ஒரு அடிகூட அடிக்க முடியாமல் தோற்ற ஆட்டம். திரை முழுக்க, அன்று பந்து வீசிய கில் ராடமேக்கர்தான். அவர் கை, அவர் தொப்பி, அவர் சிரிப்பு. அப்பா ஓடிப்போய் அவரைத் தூக்கிச் சுற்றியபோதுகூடத் தெரிந்தது அப்பாவின் முதுகுதான். இங்கே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த கில்லின் தோளை யாரோ தட்டிக்கொடுத்தார்கள்.

அடுத்தது அந்த மோதல். ஓட்டம் எடுக்க ஓடி வந்த எதிரணிக்காரன் ஒருவன் காளை மாதிரி முட்ட, அப்பா மல்லாந்து விழுந்தார். அதையே மெதுவாக இன்னொரு தடவை காட்டினார்கள். "அம்மாடியோ!" என்று பின்வரிசையில் ஒரு சிரிப்பு. முழங்கால் ஒடிந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை.

"நிறுத்துங்க!" மார்லீன் எழுந்துவிட்டாள். "மிச்சம் எங்க?"

"இதுதான் மேடம் ஜனங்க அதிகமா பாக்குறது..."

"கீழ கிடந்துக்கிட்டே, கைய விட்டுப் போகாத பந்த தூக்கிக் காட்டினார். முட்டினவன் அவுட்டு. அத ஏன் வெட்டினீங்க? அடிபட்டு விழுந்ததா எங்கப்பா செஞ்ச சாதனை?"

"மார்லீன், உக்காரும்மா," என்றாள் அம்மா ஆர்டித், திரும்பாமலே.

நிலைமையைச் சமாளிக்க, பாதிரியார் கில்லைப் பேச அழைத்தார். கில் முன்னால் வந்து நின்று, பழகிய குரலில் ஆரம்பித்தார். "அந்த ஆட்டத்துல கடைசிப் பந்து. நேரா போட்டா அடிச்சிருவான்னு உள்ளுக்குள்ள ஏதோ சொல்லுச்சு. வளைச்சு விட்டேன்..."

நாற்பது வருஷமாக ரேடியோவிலும் விருந்துகளிலும் கேட்ட கதை. அது வரும்போதெல்லாம் அப்பா அடுக்களைக்குப் போய்க் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவுவார். ஏன் என்று கேட்டால், "ஜெயிச்சது டீமு. விடு," என்பார்.

"அந்தப் பந்த யாரு கேட்டது, மிஸ்டர் ராடமேக்கர்?"

மார்லீன் பிறந்ததிலிருந்து அவரைக் கில் மாமா என்று கூப்பிட்டவள். கில் சவப்பெட்டியைப் பார்த்தார்.

"அவன் கேட்டது," என்றார் கடைசியில். பழகிய குரல் போய்விட்டிருந்தது. "ரெண்டு தடவ மாட்டேன்னு தலையாட்டினேன். எழுந்து என்கிட்ட நடந்து வந்தான். 'நான் கேக்கறத போடு. அவன் அடிச்சா பழி எனக்கு, அடிக்கலன்னா பேரு உனக்கு'ன்னான்."

மார்லீன் விடவில்லை.

"இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

"யாரும் கேக்கலம்மா."

"நான் கேக்காம போயிருந்தா இன்னிக்கும் அவர மண்ணுல வச்சுட்டு அதே கதையச் சொல்லிட்டுத்தான போயிருப்பீங்க?"

கில் திரும்பி நடந்தார். அவர் இடத்தில் தாமதமாக வந்த யாரோ உட்கார்ந்திருந்தார்கள். எழுபத்தைந்து வயது மனிதர் எல்லோர் நடுவிலும் நின்றார். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மார்லீனும் சொல்லவில்லை.

அம்மா பக்கத்து நாற்காலியில் குவிந்திருந்த, மழையில் நனைந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கில் வந்து உட்கார்ந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. ஈரக் கோட்டுகளின் மேல் இரண்டு கைகளையும் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்லீன் நின்றுகொண்டே இருந்தாள்.