தாங்குதிறன் வாரம்

திங்கட்கிழமை எங்கள் பள்ளியின் கூரையைப் பாய் மாதிரி சுருட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். தாங்குதிறன் வாரம் தொடங்கிவிட்டது.

வந்திருந்த அதிகாரி தணிகாசலம். கழுத்தில் விசில் தொங்கியது.

"ஊர்ல மில்லை மூடிட்டாங்க. அடுத்து என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? எது இல்லாமப் போனாலும் ஸ்கூல் ஓடணும் டீச்சர். தினம் ஒண்ணை எடுப்போம்."

"திருப்பித் தருவீங்களா சார்?"

"அது வேற திட்டம்."

செவ்வாயன்று சுவர்கள் போயின. ஜன்னல்கள் அந்தந்த இடத்திலேயே நின்றன. என் ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். மரியாதைக்காக வாசல் வழியாகவே வந்தார்கள்.

புதன்கிழமை கரும்பலகை. முதல் பெஞ்சு ஜெசிந்தா எழுந்து வெறும் காற்றில் விரலால் கணக்கை எழுதினாள். எழுத்து அழியாமல் நின்றது.

அவளுடைய அப்பா மில் தொழிலாளி. மூடியதிலிருந்து காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வீட்டில் உட்கார்ந்து மிஷின் போலச் சத்தம் போடுகிறார். ஞாயிறு விடுமுறை. அந்தச் சத்தத்தில்தான் இவள் படிக்கிறாள். அடுத்த வாரம் விடுதிப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. தேறினால்தான் அவளுக்கு ஆறாம் வகுப்பு.

"யாரு அந்தப் பொண்ணு?" என்றார் தணிகாசலம்.

பெருமையாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

வியாழனன்று தரையை எடுத்தார்கள். பிள்ளைகள் பெஞ்சு உயரத்திலேயே இருந்தார்கள். கருப்பசாமி அழ ஆரம்பித்தான்.

"கீழ பாக்காதடா. போர்டைப் பாரு" என்றாள் ஜெசிந்தா.

"போர்டுதான் இல்லையே."

"அப்ப என்னைப் பாரு."

அழுகை நின்றது. தணிகாசலம் குறித்துக்கொண்டார்.

வெள்ளியன்று எடுக்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அவர் ஜெசிந்தாவைக் காட்டி விசில் ஊதினார்.

"சார், அது பிள்ளை."

"தெரியுது டீச்சர். இந்த ஸ்கூலைத் தாங்குறதே அதுதான். அது இல்லாம ஓடுதான்னு பாக்க வேணாமா?"

"அவளுக்குப் பரீட்சை இருக்கு. என்னை எடுத்துக்குங்க."

"உங்களைப் போன வருஷமே எடுத்தாச்சே. யாரும் சொல்லலையா?"

"சின்னப் பொண்ணு சார். எப்படித் தாங்குவா?"

"அவளா? நல்லாத் தாங்குவா. ரிப்போர்ட்ல அதைத்தானே எழுதியிருக்கேன்."

சுருட்டிய கூரைக்கும் மடித்த தரைக்கும் நடுவில் அவளை உட்காரவைத்தார்கள்.

"ஹால் டிக்கெட் உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்" என்றாள். வண்டி கிளம்பியது.

தணிகாசலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் பாடம் நின்னுபோச்சுன்னா ஸ்கூல் ஃபெயில். எல்லாத்தையும் எடுத்த இடத்துலயே வெச்சிருவோம். அந்தப் பொண்ணையும்."

நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். நான்கு.

பயத்தில் கருப்பசாமிக்கு வாய்ப்பாடு வந்துவிட்டது.

"ஏழெட்டு... ஐம்பத்துநாலு."

"ஐம்பத்தாறு" என்று திருத்தியது ஒரு குரல்.

என் குரல்தான். வாயைப் பொத்துவதற்குள் முப்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள்:

"எட்டெட்டு அறுபத்துநாலு."