சார்ஜாவுக்கு முன்னால் கொடைக்கானல்

முத்துமாரியம்மாளுக்கு டிக்கெட் வந்தது ஒரு திங்கட்கிழமை. மகள் பொன்செல்விக்கு இந்த மாதக் கடைசியில் சார்ஜாவில் பிரசவம். தலைப்பிரசவம் சங்கரன்கோவிலில்தான் என்று பேசியிருந்தார்கள். ஏழாவது மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறிவிட, பயணமே கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாது என்றால் தாய் போக வேண்டும். திருவனந்தபுரத்தில் ஏறினால் நாலு மணி நேரம்.

முத்துமாரியம்மாளுக்கு ஐம்பத்தொரு வயது. விசைத்தறிக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக நூல் சுற்றுகிறாள். பஞ்சுத் தூசியால் வந்த சைனஸ் பதினைந்து வருடமாகக் கூடவே இருக்கிறது. காலையில் எழுந்ததும் தும்மல் தொடங்கும். குனிந்து கோலம் போட்டால் புருவத்துக்கு மேல் கல்லை வைத்தது போலக் கனக்கும். இந்த மூக்கோடு விமானத்தில் ஏறலாமா என்று எதிர்வீட்டு ஷரீபா பீவியிடம் கேட்டாள். ரியாத்தில் இருக்கும் மகனிடம் இரண்டு தடவை போய் வந்தவள் அவள்.

“எனக்கு ஒண்ணும் செய்யல மதினி. பக்கத்துல இருந்த பொம்பளதான் காதப் பொத்திக்கிட்டுக் கத்துனா. ரத்தமே வந்துச்சுன்னாங்க. நான் பாக்கல.”

“பாக்காதத ஏன் சொல்லுதிய?”

“நீங்க கேட்டியளே!”

அன்றிரவு முத்துமாரியம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. காது போய்விட்டால் பேரப்பிள்ளை அழுவது எப்படிக் கேட்கும் என்று ஒரே ஒரு தடவை கணவர் பெத்துராஜிடம் கேட்டாள். அவர் மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் மூக்கில் அடிக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். எப்போது அடிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். “விமானத்துக்குள்ள காத்து ஏறக்குறைய கொடைக்கானல் காத்து மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க” என்றும் சொன்னார்.

பெத்துராஜின் மனதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தங்கியது. அவர் தறி ஓட்டுகிறவர். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றினால் ஒரு முழம் நெய்து பார்க்காமல் முழுத் தறியையும் ஓடவிட மாட்டார்.

“ஏளா, வெள்ளிக்கிழமை கொடைக்கானல் போறோம்” என்றார்.

“எதுக்கு?”

“ஓட்டிப் பாக்கத்தான். மலைல காது தாங்கிச்சுன்னா பிளேன்லயும் தாங்கும்லா.”

“என்னையும் நூல்கண்டுன்னு நெனச்சுட்டியளோ?” என்றாலும் அவள் மறுக்கவில்லை.

விடிவதற்குள் மதுரை பஸ் ஏறி, அங்கிருந்து கொடைக்கானல் பஸ் பிடித்தார்கள். மலை தொடங்கும் இடத்தில் அவர் மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினார். புளிப்பு மிட்டாய் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் கேட்டார்.

“காது?”

“இருக்கு.”

“வலிக்கா?”

“நீங்க கேட்டுக் கேட்டுத்தான் வலிக்கு.”

மேலே போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து வேகவைத்த சோளம் தின்றாள். மூச்சு இரண்டு துவாரத்திலும் சீராகப் போனது. “இவ்வளவுதானா ஏரோப்பிளேன்!” என்று சிரித்தாள். பெத்துராஜ் அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டு, “ஒங்கம்மை பாஸ்” என்றார்.

இறங்கும்போது இருவருக்கும் எந்தக் கவலையும் இல்லை. மருந்துக் குப்பி பையின் அடியில் கிடந்தது. முத்துமாரியம்மாள் கணவரின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மலையடிவாரத்தில், வத்தலக்குண்டுக்குக் கொஞ்சம் முன்னால் காதுக்குள் ஆணி இறங்கியது போல வலித்து விழித்தாள். இரண்டு காதும் அடைத்திருந்தன. பஸ்ஸின் ஹாரன் ஏதோ குடத்துக்குள் அடிப்பது போலக் கேட்டது.

பெத்துராஜ் பதறிப்போய் ஏதோ கேட்டார். பிறகு நினைவு வந்தவராகக் குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைத்தார். தறிக்கூடத்தில் அப்படித்தான் பேசுவார்கள். நாற்பது தறி ஓடும் இரைச்சலில் கத்தினாலும் பயன் இல்லை. வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும்.

“ஏளா, ரொம்ப வலிக்கா?” என்றன அவர் உதடுகள்.

அவளும் குரலில்லாமல் சொன்னாள். “நான் போகல.”

மறுநாள் டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, “ஏறும்போது மருந்து அடிச்சீங்க, சரி. இறங்கும்போது?” என்று கேட்டார். இறங்கும்போதுதான் அடைக்கும், அதற்கு அரைமணி முன்னால் மருந்து அடிக்க வேண்டும், தூங்கக்கூடாது, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் மறுபடி சொன்னார். நாலைந்து நாளில் காது திறந்துவிடும். பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

முத்துமாரியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “மலைக்கே இப்படின்னா! டிக்கெட்ட வேண்டாம்னு சொல்லிருங்க.”

அன்று பகலில் மகள் வீடியோவில் வந்தாள். மாப்பிள்ளை பிரவின்ராஜ் பக்கத்தில் இருந்தான். பெத்துராஜ் நடந்ததைச் சொன்னார். மகள் சிரித்த முகமாகப் பேசியதை மனைவியின் காதோரம் குனிந்து திருப்பிச் சொன்னார்.

“பயமா இருந்தா வர வேண்டாம்ங்கா. அங்கன நர்ஸுக எல்லாம் நல்லாப் பாக்காங்களாம். மாப்பிள்ளையும் லீவு போடுதாராம்.”

முத்துமாரியம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதி வந்ததே வெட்கமாகவும் இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

அப்போது பொன்செல்வி திரையில் எதையோ தொட்டாள். புருஷன் பக்கம் லேசாகத் திரும்பிக்கொண்டாள்.

“சத்தம் வரல. டவர் இல்ல போலிருக்கு” என்று பெத்துராஜ் போனைத் தட்டப் போனார். முத்துமாரியம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தறிக்கூடத்துச் சேலைத் தொட்டிலில் வளர்ந்த பிள்ளை அது. அது முதன்முதலாக ‘அம்மா’ என்றபோதும் அவள் காதில் விழவில்லை, கண்ணால்தான் பார்த்தாள்.

‘அம்மை இல்லாம எனக்கு முடியாது. ஆனா எப்படி வான்னு கூப்பிட? அவளுக்குக் காது போயிட்டா?’

மகள் மறுபடி திரையைத் தொட்டதும் சத்தம் வந்தது. முகத்தில் அதே சிரிப்பு.

“இப்ப மாப்பிள்ளைட்ட என்னட்டி சொன்ன?” என்றாள் முத்துமாரியம்மாள்.

பொன்செல்வி ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். தாய் கண்ணெடுக்காமல் பார்த்தாள். மகளின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கோணி, உதடு நடுங்கத் தொடங்கியது.

முத்துமாரியம்மாள் போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். குரல் எழுப்பாமல், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, தறிகளுக்கு நடுவே நின்று சொல்வது போல உதட்டை அசைத்தாள்.

வாரேன் மக்கா. அழாத, பிரஷர் ஏறும்.

பொன்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

“என்ன சொன்னாங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலியே” என்று பிரவின்ராஜ் போனை வாங்கிப் பார்த்தான்.