அமில்தார் இலையில் கொத்தவரங்காய்

ஜாதகம் பொருந்தவில்லை என்று பசவனகுடிக்காரர்கள் எழுதிய கடிதம் பொய் என்பது அனந்தபத்மநாபனுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. சொன்னவள் அவர் பெற்ற பெண் பாமா. பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் அவசரத்தில், பின்னலை முடிந்துகொண்டே சொன்னாள்.

"ஜாதகமெல்லாம் நன்னாத்தான் பொருந்தித்து அப்பா. பொருந்தாதது நீங்கதான்."

காபி டம்ளர் அவர் வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது.

"என்னடி உளர்றே?"

"நிச்சயம் பேச அவாத்துக்குப் போனேளே, அன்னிக்கு இலையில போட்ட அஞ்சு காயையும் தொடாம ஒதுக்கி வெச்சேளாம். எழுந்துக்கறச்சே, 'இதெல்லாம் எங்காத்துல மாட்டுக்குப் போடறது'ன்னு வேற சொன்னேளாம். அந்த மாமி மூணு நாள் அழுதாளாம்."

"வேடிக்கைக்குச் சொன்னேன்."

"அவா வேடிக்கையா எடுத்துக்கலை. பசவனகுடியிலேர்ந்து மல்லேஸ்வரம் வரைக்கும் உங்களுக்கு என்ன பேர் தெரியுமோ? உருளைக்கிழங்கு அமில்தார்!"

அனந்தபத்மநாபன் டம்ளரைக் கீழே வைத்தார். அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். அவருடைய பாட்டனார் திவான் கச்சேரியில் எழுத்தராக இருந்தவர். தகப்பனார் தாசில்தார். இவர் இருபத்தொன்பது வருஷம் மைசூர் சர்க்காரில் ரெவினியூ உத்தியோகம் பார்த்து, தாலுகா அதிகாரியான அமில்தாராக ஓய்வு பெற்றவர். சாம்ராஜ்பேட்டையில் அவர் வீதியில் நடந்தால் கடைக்காரன் எழுந்து நிற்பான். மூன்று தலைமுறை கட்டிக் காத்த பெயரை ஊர் ஒரு கிழங்கில் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறது. அதுவும் எட்டு மாதமாக, அவருக்குத் தெரியாமல்!

ஒன்று உண்மை. அவருக்குக் காய் என்றால் ஆகாது. பருப்பு, அப்பளம், தயிர், மாவடு, நெய்யில் வதக்கிய உருளைக்கிழங்கு. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் இவ்வளவுதான் சாப்பாடு. கத்தரிக்காய் வழவழக்கும், பாகற்காய் கசக்கும், புடலங்காய் நாறும், முட்டைக்கோஸ் வெள்ளைக்காரன் தின்பது. குழம்பில் தான் என்று போடும் காய்த்துண்டைக் கண்டால் பொறுக்கி எடுத்து இலையின் ஓரத்தில் வரிசையாக வைப்பார், சர்வேக்காரன் எல்லைக்கல் நட்ட மாதிரி. பிடிக்கவில்லை என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. "நம்ம வம்சத்துல இலை தழை தின்னு பழக்கமில்லை" என்பார். நாக்கின் குறையைக் குலத்தின் பெருமையாக்கிச் சொல்லிச் சொல்லி, அதை அவரே நம்பியும் விட்டார்.

"இப்போ மல்லேஸ்வரத்து வரன் வந்திருக்கு," என்றாள் பாமா. "அடுத்த மாசம் நீங்களும் அம்மாவும் போய்ச் சாப்பிட்டுட்டு வரணும். இந்தத் தடவையும் இலையில மிச்சம் வெச்சேள்னா, அதோட எனக்கு வரன் பார்க்கறதை நிறுத்திடுங்கோ. ஷிமோகாவுல வேலைக்கு எழுதிப் போட்டுட்டு ஹாஸ்டல்ல இருந்துக்கறேன். இருபத்தஞ்சு வயசாச்சு. ஒரு பொரியலுக்காக இன்னொரு தடவை தலை குனிய என்னால முடியாது."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டாள்.

அவர்கள் சமூகத்தில் அது பெரிய விஷயம். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் முடிவாகும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இரு தரப்புக்கும் திருப்தியானால்தான் சாப்பிட உட்காருவார்கள். கை நனைத்தாயிற்று என்றால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். கை நனைத்தவர் இலையில் மிச்சம் வைத்தால், நனைத்த கையை உதறிவிட்டார் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலமே ராஜலக்ஷ்மி பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். முப்பது வருஷம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனைவி, எதிரில் மணைபோட்டு உட்கார்ந்துகொண்டு, "ம், ஒரு தான்" என்றாள். அவருக்கு அதுவே ஓர் அதிர்ச்சி.

தலையில் கூடையோடு வரும் காய்கறிக்காரி லட்சுமம்மாவுக்கும் விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. வாசலில் நின்று உரக்கச் சிரித்தாள். "ஏன் சாமி, இத்தனை வருசமா இந்த மனைக்கு ஆலுகட்டெ, அந்த உருளைக்கிழங்கு தவிர வேற தரகாரி பேடா, காயே வேண்டாம்னீங்க. இன்னிக்கு அம்மா அரைக் கூடை வாங்கறாங்களே! மழை வந்துடும் போல!"

"உன் வேலையைப் பார்த்துண்டு போ" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

மூன்று வாரத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் புதிதல்ல. வருஷத்துக்கு ஒருநாள், தகப்பனார் சிராத்தத்தன்று, அவர் வாழைக்காயும் பாகற்காயும் புடலங்காயும் சாப்பிட்டே ஆகவேண்டும். அன்றைக்கு உருளைக்கிழங்கு வீட்டுக்குள் வரக்கூடாது. பித்ரு காரியத்தில் குறை வைக்கிறவர் அல்ல அவர். ஆகவே ஒரு வழி வைத்திருந்தார். முதல் காரியமாக எல்லாக் காயையும் மளமளவென்று வாயில் போட்டு, மெல்லாமல், தண்ணீரோடு விழுங்கிவிடுவது. பிறகு நிம்மதியாகத் தயிர் சாதம். சிராத்தச் சாப்பாட்டில், "இன்னும் கொஞ்சம்" என்று யாரும் உபசாரம் செய்ய மாட்டார்கள். இலை ஒருமுறை காலியானால் காலியானதுதான்.

"அதே மாதிரி முழுங்கிட்டு வந்துடறேன். நீ கவலைப்படாதே" என்றார் மனைவியிடம்.

ராஜலக்ஷ்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டார்.

தை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் மல்லேஸ்வரத்துக்குப் போனார்கள். பையனுக்குத் தகப்பனார் தேசிகன், மராமத்து இலாகாவில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்செல்லாம் சுமுகமாக முடிந்தது. முகூர்த்தம் மாசியில். பையன் முகுந்தனுக்கு டெலிபோன் தொழிற்சாலையில் நல்ல வேலை, அடக்கமான பிள்ளை. "சாப்பிடறதுக்கு முன்னாடி தோட்டத்தை ஒரு சுத்து பார்த்துட்டு வரலாமே ஸ்வாமி" என்று தேசிகன் கூப்பிட்டபோது அமில்தார் மீசையில்லாத மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

கொல்லையைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு நின்றது. கிணற்றடியிலிருந்து பின் சுவர் வரை ஒரு சாண் இடம் பாக்கியில்லை. பந்தலில் புடலை பாம்பு பாம்பாகத் தொங்கியது. அவரை, பாகல், வெண்டை, கத்தரி, பூசணி. அவருடைய ஜன்மப் பகைவர்கள் அத்தனை பேரும் அணிவகுத்து நின்றார்கள்.

"எங்காத்துல கடையில காய் வாங்கிப் பதினோரு வருஷமாச்சு" என்றார் தேசிகன். "எல்லாம் அவ கை நட்டது. பெத்த பிள்ளையைக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கலை."

கிழங்குப் பாத்தி எங்கேயாவது இருக்கிறதா என்று அமில்தாரின் கண் தேடியது. வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லை. எந்த வாயால் கேட்பது? அந்தப் பெயர் இந்த வீட்டுக்கும் எட்டியிருக்குமே.

கூடத்தில் இலை போட்டார்கள். அமில்தாருக்கு ஒரு பக்கம் தேசிகன், மறுபக்கம் முகுந்தன். பையனின் தாயார் அலர்மேல்மங்கை மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு தானே பரிமாறினாள். ராஜலக்ஷ்மி சமையலறை நிலையோரம் நின்றாள். வெண்டைக்காய் பச்சடி, வாழைக்காய் கறியமுது, புடலங்காய் கூட்டு, கத்தரிக்காய் ரசவாங்கி, பூசணிக்காய் போட்ட மோர்க்குழம்பு. அப்புறம் பச்சைத் துண்டுகளோடு உதிர் உதிராகப் பருப்பு கலந்த ஏதோ ஒன்று, ஒரு குவியல். அமில்தார் இலையைச் சுற்றி நீர் தெளித்துப் பரிசேஷணம் செய்து, நெய் விழுந்ததும், கண்ணை மூடிக்கொண்டு காரியத்தில் இறங்கினார். பச்சடி போயிற்று. கூட்டு போயிற்று. வாழைக்காய், தண்ணீர், கத்தரிக்காய், தண்ணீர். பருப்புக் குவியலையும் இரண்டே கவளத்தில் அனுப்பி வைத்தார். சாதத்தைத் தொடுவதற்கு முன்னால் இலையின் மேல்பாதி துடைத்த மாதிரி ஆகிவிட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தார்.

எதிரில் அலர்மேல்மங்கை இரண்டு கையிலும் பாத்திரத்தோடு, முகமெல்லாம் பூரித்து நின்றாள்.

"அடடா, அத்தனையும் ஆயிடுத்தே! பார்த்துண்டே நிக்கறேனே நான், போடாம!"

அவர் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் மறுபடி விழுந்தது, முதலில் போட்டதைப் போல இரண்டு பங்கு. அப்போதுதான் அவருக்குத் தான் செய்த பிசகு உறைத்தது. விருந்தில் எது முதலில் காலியாகிறதோ அதுதான் விருந்தாளிக்குப் பிடித்தது. நல்ல நாளில், கல்யாணம் பேச வந்த வீட்டில், அவர் தகப்பனாரின் சிராத்தத்துக்குச் சாப்பிடுவது போலச் சாப்பிட்டிருக்கிறார்! நினைத்ததும் உடம்பு கூசியது. கூச்சத்திலும் பயத்திலும் இரண்டாம் முறையும் அவசர அவசரமாக விழுங்கினார். அது இன்னும் பெரிய தப்பு.

"போடு, போடு, பார்த்துண்டு நிக்கறயே" என்று தேசிகன் மனைவியை விரட்டினார். மூன்றாம் முறை விழுந்தது. பஞ்சபாத்திரத்தில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பருப்புக் குவியலில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு விழுங்கப் பார்த்தார். அது இறங்கவில்லை. தொண்டையில் உதிர்ந்து நின்றது. விக்கல் வந்தது. வேறு வழியில்லாமல் மென்றார்.

முதலில் பெருங்காயமும் மிளகாயும் வறுபட்ட மணம் மூக்குக்கு ஏறியது. பருப்பு மொறுமொறுப்பாகப் பல்லில் பொடிந்தது. அதற்குள்ளே அந்தப் பச்சைத் துண்டு, மெத்தென்று, ஆனால் குழையாமல், கடைசியில் ஒரு நூலளவு கசப்போடு கரைந்தது. அந்தக் கசப்புதான் அடுத்த கவளத்தைக் கேட்டது. அமில்தார் திகைத்தார். வழக்கமான குமட்டல் எங்கே என்று வாய்க்குள் தேடினார். இன்னொரு பிடி போட்டு, மெதுவாக மென்று, மறுபடி தேடினார். இல்லை. ஐம்பத்தெட்டு வருஷம் கூடவே இருந்த ஒரு வெறுப்பு, சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தது. வீட்டில் திருடு போனவர் போலப் பேந்தப் பேந்த விழித்தார்.

அலர்மேல்மங்கை சந்தோஷம் தாங்காமல் ராஜலக்ஷ்மியின் பக்கம் திரும்பினாள். "ஊர்ல என்னவெல்லாம் சொன்னா தெரியுமோ மாமி? காயைக் கண்டா முகத்தைச் சுளிப்பார், மாட்டுக்குப் போடறதுன்னு சொன்னார்னு அந்தப் பசவனகுடிக்காரி ஊரெல்லாம் அழுதுண்டு திரிஞ்சாளே! நாளைக்கே போய்க் கேக்கறேன். நாலு பேர் முன்னாடி, நீ சொன்னது பச்சைப் பொய்னு முகத்துக்கு நேரே சொல்லிட்டுதான் வருவேன்."

அமில்தாரின் கை இலையிலேயே நின்றது. பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிட்டது. பெண்ணுக்குக் கல்யாணம், கெட்ட பெயருக்கு முழுக்கு. ஆனால் அவர் வாயால் அவமானப்பட்ட ஒரு பெண்மணி, இனி பொய்க்காரி என்றும் பெயர் வாங்குவாள். அப்படி மீட்ட கௌரவத்தை எந்த முகத்தோடு வைத்துக்கொள்வது? நிலையோரம் நின்ற ராஜலக்ஷ்மியைப் பார்த்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"அப்படிச் சொல்லப்படாது" என்றார். "அந்த மாமி சொன்னது நிஜம். நான் சொன்னேன். ஒதுக்கினேன். இங்கேயும்..." கனைத்துக்கொண்டார். "இங்கேயும் ருசி பார்த்துச் சாப்பிடலை ஸ்வாமி. இலையைக் காலி பண்ணணுமேன்னு, மெல்லாம, தண்ணியை விட்டு முழுங்கினேன். ரெண்டு தடவையும் அப்படித்தான்."

தேசிகன் கையில் எடுத்த கவளத்தை இலையில் போட்டார். முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். ராஜலக்ஷ்மி நிலையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரப் பாடு, மாசி முகூர்த்தம், பாமா, ஷிமோகா எல்லாம் அவள் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும்.

அலர்மேல்மங்கையின் முகம் சிவந்தது. கையிலிருந்த கரண்டியால் அவருடைய இலையைக் காட்டினாள். அங்கே பருப்புக் குவியலில் பாதி குறைந்திருந்தது.

"அப்போ இது? இதுவும் முழுங்கினதுதானா?"

"இல்லை" என்றார் அமில்தார். "இது தொண்டையில நின்னுடுத்து. மென்னுட்டேன்."

"மென்னு?"

சர்க்கார் விசாரணையில்கூட இப்படித் திணறியதில்லை அவர். "நன்னாயிருக்கு," என்றார் கடைசியில், யாரோ சொன்னதைத் தானே கேட்டவர் போல. "எனக்கே நம்ப முடியலை. இது என்ன காய்?"

முகுந்தனுக்குப் புரையேறியது. தேசிகன் அமில்தாரை வாய் பிளந்து பார்த்தார்.

"கொத்தவரங்காய் ஸ்வாமி! கொத்தவரங்காய் தெரியாதா உங்களுக்கு? தாலுகா தாலுகாவாப் போய் என்ன விளையறதுன்னு எழுதினவராச்சே நீங்க!"

"காகிதத்துல பார்த்திருக்கேன்."

தேசிகன் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வந்தது. இடது கையால் துடைத்துக்கொண்டு, "அடியே, என்ன நின்னுண்டிருக்கே? சம்பந்திக்குப் பருப்புசிலி போடு" என்றார்.

சம்பந்தி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ராஜலக்ஷ்மி அப்படியே நிலையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அலர்மேல்மங்கைக்கு இன்னும் கோபம் முழுக்கத் தணியவில்லை. குனிந்து, பாத்திரத்தைச் சாய்த்தபடி, "இந்தத் தடவை நான் பார்த்துண்டே நிப்பேன். மெல்லணும்" என்றாள்.

போதும் என்றால் இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவது வழக்கம். அமில்தார் அனந்தபத்மநாபன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கரண்டி விழுவதற்காகக் காத்திருந்தார்.